பிள்ளை கேட்ட உலங்கு வானூர்தி

கல்குடாவிலிருந்து பாசிக்குடா நடைதூரந்தான். எனினும் இரண்டும் ஒரே கடல் அன்று என்பார் எம்மூர் முதியோர். பாசிக்குடாவில் முருகைக்கற் பார் அலையைத் தடுத்து நிறுத்துவதால், கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. கல்குடாப் பக்கமோ திறந்த கடல். அலை உண்டு, இழுப்பும் உண்டு. என் தகப்பனார் என்னை நீந்தப் பழக்கியது பாசிக்குடாவிலேயே. அலை எழும் பக்கத்தையே நான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் சொல்வார்: "அந்தக் கடல் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல இஞ்ச பழகு மனே."

அந்த வாக்கின் முழுப்பொருளும், அறுபது வயதைக் கடந்த பின்பு, ஒரு விளையாட்டுப் பொருளின் வாயிலாகவே எனக்கு விளங்கிற்று. அது பற்றி நாலு சொல் எழுதலாமென்று எண்ணுகிறேன். பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியருக்கும், வானத்தை அண்ணாந்து பார்க்கும் மாணவருக்கும் இதில் ஏதேனும் பயன் கிடைக்கலாம்.

என் மகள்வயிற்றுப் பேரன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தினான். "என்ன வேணும், கேள் மனே" என்றேன். சைக்கிள் கேட்பான் என்று எண்ணியிருந்தேன். அவன் கேட்டது ஹெலிகொப்டர். கையிலுள்ள கருவியால் தூரத்திலிருந்தே இயக்கும் விளையாட்டு ஹெலிகொப்டர்.

நான் வாய் திறக்குமுன் அடுக்களையிலிருந்து என் மகளின் குரல் வந்தது: "வேற என்னவும் வாங்கிக் குடுங்க அப்பா. அது மட்டும் வேணாம்."

பையன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். தாய் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒலியின் நினைவு

உலங்கு வானூர்தி என்று ஈழத் தமிழர் ஹெலிகொப்டருக்கு ஓர் அழகிய பெயர் இட்டிருக்கின்றனர். உலங்கு என்பது கொசு இனத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அந்தரத்தில் நின்று இரையும் சிற்றுயிரின் பெயரை அந்தரத்தில் நிற்கும் ஊர்திக்கு இட்ட கற்பனை பாராட்டுக்குரியது. ஹெலிகொப்டர் என்ற மேனாட்டுச் சொல்லோ கிரேக்க மொழியின் சுருள், சிறகு என்னும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. 1861 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பொன்தோன் தமேகூர் ஆக்கியது. அவர் சுருளைக் கண்டார். நம்மவர் கொசுவைக் கண்டனர்.

ஆயினும் 1980களிலும் 1990களிலும் கிழக்கிலங்கையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சொல் கற்பனை அன்று. 1990 இல் போர் மறுபடி மூண்டபோது என் மகளுக்கு ஐந்து வயது. தூரத்தே 'தடதட' என்ற ஒலி எழுந்தால் மரமுந்திரிகைத் தோப்புக்குள் ஓடுவோம். மரத்தடியில் அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, ஒலி தேய்ந்து மறையும்வரை எண்ணிக்கொண்டே இருப்பாள். நூறு வரை எண்ணத் தெரியாத வயது. இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. அதன் பின்னர் உதவி சுமந்து வந்த ஹெலிகொப்டரைக் கண்டும் எம்மவரிற் சிலர் முதலில் ஓடினர். பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்தனர். கொல்லவும் காக்கவும் வந்த ஊர்திகள் வேறு வேறானாலும் ஒலி ஒன்றாகவே இருந்தது. 2007 இல் எம் மாவட்டத்திலும், 2009 இல் நாடெங்கிலும் போர் ஓய்ந்தது. செவியில் மட்டும் அது ஓயவில்லை.

இத்தகைய வீட்டில் ஒரு சிறுவன் ஹெலிகொப்டர் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. அவள் மறுத்ததிலும் தவறில்லை. நடுவில் நின்ற எனக்கோ வேறொரு குற்ற உணர்வும் இருந்தது. அதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபோது நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவருக்கு வானியக்கத்தைக் கண்கூடாகக் காட்ட வேண்டுமென்று ஆசை. கொழும்பிலே ஒரு கடையில் இருந்தவற்றுள் பெரியதாகவும் அழகியதாகவும் தோன்றிய ஹெலிகொப்டரை என் சேமிப்பில் வாங்கி வந்தேன். அதன் சுழலி ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் விட்டம். எடை முக்கால் கிலோவுக்கு மேல். "பழகியிருக்கிறீர்களா?" என்று எவரும் கேட்கவில்லை; நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கச்சான் காற்று வீசும் மாதம். பாடசாலை மைதானத்தில் மாணவர் கூடி நின்றனர். விசையை உயர்த்தினேன். இயந்திரம் எழுந்தது, எழுந்த கணமே ஒரு பக்கம் சாய்ந்தது, நான் திருத்த முயன்றேன், என் விரல் எதிர்ப்பக்கம் போயிற்று. நாலு வினாடிதான். மண்ணில் மோதிச் சுழலியலகு ஒன்று ஒடிந்து பறந்து, வேப்பமரத்தின் அடிமரத்திற் குத்தி நின்றது. அம்மரத்துக்கு ஓரடி தள்ளி ஒரு மாணவன் நின்றுகொண்டிருந்தான்.

அன்றிரவு கடதாசியிற் கணக்கிட்டுப் பார்த்தேன். 70 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர் வேகத்தில் விரைகிறது. நான் விளையாட்டுப் பொருளென்று எண்ணி மாணவர் நடுவே கொண்டு சென்றது, சுழலும் வாள். முன்னரே செய்திருக்க வேண்டிய கணக்கைப் பின்னர் செய்தேன். அந்த இயந்திரம் அன்று முதல் அலுமாரியில் உறங்குகிறது.

எனவே பேரனுக்காக நான் முதலில் தேடியது ஹெலிகொப்டரை அன்று. என் பிழையின் காரணத்தையே. காற்றின்மீதும் கருவியின்மீதும் பழி போடலாம். உண்மை அதுவன்று. முதலாவதாக எதைத் தேர்வது என்பதில் நான் தவறினேன்.

ஏன் இது இத்தனை கடினம்?

ஆகாய விமானத்துக்குச் சிறகு அசையாதது. முன்னோக்கி ஓடும் வரையில் அது தன்னைத் தானே ஓரளவு நேராக்கிக்கொள்ளும். கிண்ணத்தினுள் இட்ட கோலிக்குண்டு எங்கு உருட்டினாலும் நடுவுக்கே வருவதுபோல. ஹெலிகொப்டரோ கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் நிறுத்திய குண்டு. கணந்தோறும் திருத்தாவிடில் ஏதேனும் ஒரு பக்கம் உருண்டோடும். அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஹெலிகொப்டரைப் பார்ப்பவருக்கு அது ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதுவே அதன் மிகக் கடினமான வேலை.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டென்று நியூற்றனின் மூன்றாம் விதியை நாம் வகுப்பிற் சொல்கிறோம். மோட்டார் சுழலியை ஒரு பக்கம் சுற்றினால், சுழலி உடலை எதிர்ப்பக்கம் சுற்ற முயலும். வாலில் உள்ள சிறு சுழலி அதைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டது. வால் பழுதுபட்டால் ஊர்தி பம்பரமாகிவிடும்.

இந்த இரு சிக்கலையும் எவ்வாறு தீர்க்கிறது என்பதை வைத்தே விளையாட்டு ஹெலிகொப்டர்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரட்டைச் சுழலி வகை. ஒரே அச்சில் மேலொன்றும் கீழொன்றுமாக இரு சுழலிகள் எதிரெதிர்த் திசையிற் சுற்றும். ஒன்றின் திருப்புவிசையை மற்றொன்று நீக்கிவிடும். விரலை எடுத்தாலும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். வேகம் குறைவு, காற்றைத் தாங்காது. வீட்டுக்குள் பழகுவதற்கென்றே பிறந்தது.

இரண்டாவது, ஒற்றைச் சுழலியும் வாற்சுழலியும் கொண்டு, அலகின் சாய்கோணம் மாறாதிருக்கும் வகை. சுழலும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஏற்றி இறக்குவர். நாற்றிசையிலும் நகரும், ஆதலால் மெய்யான ஹெலிகொப்டரின் தன்மையை உணர்த்தும். உள்ளே இருக்கும் 'கைரோ' என்னும் உணர்கருவி சாய்வை அறிந்து தானே ஓரளவு திருத்தும்.

மூன்றாவது, அலகின் கோணத்தையே கணத்தில் மாற்றும் வகை. சுழலி எப்போதும் முழு வேகத்திற் சுற்றிக்கொண்டிருக்கும். கோணத்தை மாற்றினால் அம்புபோல் ஏறும், கல்போல் இறங்கும், தலைகீழாயும் பறக்கும். தேர்ந்தவர் கையில் இது வித்தை. புதியவர் கையில் என்னவாகும் என்பதற்கு அந்த வேப்பமரம் சாட்சி. நான் வாங்கியது இவ்வகையே.

மாதிரியிற் கற்ற மேதைகள்

சிறியதிற் பழகுவது சிறுமையன்று. இதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் உள.

ஐகோர் சிகோர்ஸ்கி 1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள் தமது ஹெலிகொப்டரை முதன்முதலாக நிலத்திலிருந்து எழுப்பினார். அன்று அது கயிறுகளால் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. உயரப் பறந்து புகழ்பெற அவர் அவசரப்படவில்லை. கட்டு மீறாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

ஆதர் யங் என்ற அமெரிக்கர் இன்னும் பொறுமைசாலி. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிறிய மாதிரி ஹெலிகொப்டர்களையே செய்து, பறக்கவிட்டு, உடைத்து, மறுபடி செய்தார். அவர் கண்டதுதான் சமநிலைத் தண்டு. சுழலிக்குக் குறுக்காக அமைந்து, அதனோடு சுற்றி, சாய்வைத் தணிக்கும் எடைகட்டிய கோல். 1941 இல் அவர் பெல் கம்பனிக்கு எடுத்துச் சென்று பறக்கவிட்டுக் காட்டியதும் ஒரு சிறு மாதிரியே. அதிலிருந்து பிறந்த பெல் 47, 1946 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8 ஆம் நாள் பொதுமக்கள் பயனுக்கெனச் சான்று பெற்ற முதல் ஹெலிகொப்டராயிற்று. இன்று இரட்டைச் சுழலி விளையாட்டு ஹெலிகொப்டர் பலவற்றின் உச்சியில் இரு முனையிலும் குண்டு வைத்த சிறு கம்பியொன்று சுற்றுகிறதே, அது யங் கண்ட தண்டின் வழித்தோன்றலே. பிள்ளையின் உள்ளங்கையில் இருப்பது பொம்மையேயானாலும், அதன் தலையில் ஓர் அறிஞனின் பத்தாண்டுத் தவம் சுற்றுகிறது.

வானொலி அலையால் கட்டுப்படுத்தப்பட்ட மாதிரி ஹெலிகொப்டர் நன்கு வசப்பட்டதோ வெகு பிற்காலத்தில். ஜெர்மானியரான டீற்றர் ஷ்லூற்றர் 1960களின் இறுதியில் முயன்று, 1970 அளவில் அதைச் சாதித்தார். மனிதன் சந்திரனில் இறங்கியது 1969 இல் என்பதை நினைத்தால், இந்தச் சிறு பொருள் எத்துணை அடங்காதது என்பது புலனாகும்.

இன்னொரு செய்தியை என் பேரன் மிகவும் விரும்பிக் கேட்டான். 2021 ஆம் ஆண்டு ஏப்பிரல் 19 ஆம் நாள், செவ்வாய்க் கிரகத்தில் இன்ஜெனுவிற்றி என்ற ஹெலிகொப்டர் பறந்தது. எடை 1.8 கிலோகிராம். அங்குள்ள வளி நமது வளியின் அடர்த்தியில் நூறில் ஒரு பங்களவே. அமெரிக்க அறிஞர்கள் அதற்குத் தேர்ந்த அமைப்பு எது தெரியுமா? ஒரே அச்சில் எதிரெதிராகச் சுற்றும் இரட்டைச் சுழலி! முதல் நாளில் அது செய்ததென்ன? 3 மீற்றர் உயர்ந்தது, நின்றது, இறங்கியது. மொத்தம் 39 வினாடி. கடைக்காரன் விற்கும் சிற்றியந்திரத்தோடு வரும் தாளில் புதியவருக்குச் சொல்லப்படும் முதற் பாடமும் இதுவேயன்றோ? ஐந்து முறைக்கென்று அனுப்பப்பட்ட அவ்வூர்தி 72 முறை பறந்து, 2024 சனவரியிலே அலகு சேதமுற்று ஓய்ந்தது. அடக்கமாகத் தொடங்கியது நெடுங்காலம் நிலைத்தது.

நம் இலக்கியத்திலும் இக்கருத்து இல்லாமலில்லை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை ஆசிரியரும் மாணவரும் அறிவர். கட்டியங்காரனின் வஞ்சத்துக்கு அஞ்சிய சச்சந்த மன்னன், கருவுற்ற விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். பொறியை வலப்பக்கம் திருப்பினால் எழுந்து பறக்கும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். அக்கற்பனையை மெச்சுவோர் பலர். அதிலும் நான் மெச்சுவது ஒன்றுண்டு. ஆபத்து வந்த நாளில் விசயை அதை முதன்முதலாகத் தொடவில்லை. அதற்கு முன்னரே அரசன் அவளைப் பொறியில் ஏற்றிப் பழக்கியிருந்தான். பழகிய கை இருந்ததனாலன்றோ அவள் வான்வழி தப்பிச் சுடுகாட்டில் இறங்க முடிந்தது. சீவகன் பிறக்க முடிந்தது.

கடலுக்கு அப்பால் குரோம்பேட்டையிலே, அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் கற்ற சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில், 'தக்ஷா' என்ற மாணவர் குழு ஆளில்லா ஊர்திகளை அமைத்துப் புகழ்பெற்றது. 2018 இல் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். திரையில் அவரைக் கண்டவர் பலர். சிறு வானூர்திகளைத் தொலைவிலிருந்து இயக்கிப் பழகிய நெடுநாட் பொழுதுபோக்கே அவரை அங்கு கொண்டு சேர்த்தது என்பதை அறிந்தவர் சிலர். விளையாட்டு வினையாவது இவ்வாறுந்தான்.

எதை வாங்குவது?

இத்தனையும் ஆராய்ந்த பின் பேரனுக்காக நான் வகுத்துக்கொண்ட முடிவுகளைச் சொல்கிறேன்.

முதல் ஹெலிகொப்டர், விழுந்தால் எழக்கூடியதாக இருத்தல் வேண்டும். அழகும் வேகமும் இரண்டாவதே. எளிய கணக்கொன்று பாருங்கள். 40 கிராம் எடையுள்ளது 2 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் நிலத்தில் மோதும் சக்தி ஒரு யூலுக்கும் குறைவு. 800 கிராம் எடையுள்ளது 10 மீற்றரிலிருந்து விழுந்தால் அது 78 யூல். ஏறத்தாழ நூறு மடங்கு. முன்னையது பாயில் விழுந்த கொட்டைப்பாக்கு. பின்னையது தலையில் விழும் தேங்காயின் தம்பி. அதோடு சுழலியின் வெட்டும் சேர்ந்தால் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு இரட்டைச் சுழலி வகையே தக்கது. சைமா எஸ் 107 என்ற சிறு ஹெலிகொப்டர் இவ்வகையில் உலகெங்கும் பெயர்பெற்றது. ஏறுதல், திரும்புதல், முன்பின் நகர்தல் என மூன்றே கட்டுப்பாடு. ஏறத்தாழ முக்கால் மணிநேரம் மின்னூட்டினால் ஏழெட்டு நிமிடம் பறக்கும். அதிற் கை பழகிய பின், அல்லது பிள்ளை சற்று மூத்ததாயின் தொடக்கத்திலேயே, கைரோ பொருத்திய, கோணம் மாறாத ஒற்றைச் சுழலியை வாங்கலாம். மூன்றாவது வகையை விரும்புவோர் முதலிற் கணினியில் ஒப்புப் பறப்பு பழகிக்கொள்ளுதல் நன்று. அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை, வேப்பமரமும் இல்லை.

இரண்டாவது, கட்டுப்படுத்தும் முறையை விசாரித்தல் வேண்டும். மலிவானவை சில அகச்சிவப்புக் கதிரால் இயங்குபவை. ஞாயிற்றின் ஒளியிலும் அக்கதிர் நிறைந்திருப்பதால், எம்மூர் வெயிலில் அவை கட்டளையை இழந்துவிடும். வீட்டுக்குள் மாலைநேரத்தில் குறையில்லை. வானொலி அலையால் இயங்குவதற்கு அத்தொல்லை கிடையாது.

மூன்றாவது, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். அலகும் வாலும் ஒடிந்தே தீரும். ஒடிந்த அலகுக்கு மாற்று இல்லையெனில் முழு இயந்திரமும் குப்பை. பெட்டியில் உள்ள படத்தைவிட, கடைக்காரன் தனியே விற்கும் சிறு பாகங்களே அப்பொருளின் ஆயுளைச் சொல்லும்.

நான்காவது, பற்றறி. இவற்றில் இருப்பது இலிதியம் வகை மின்கலம். உருவிற் சிறியதாயினும் கோபம் பெரியது. பறந்து முடிந்த சூட்டோடு மின்னூட்டலாகாது; ஆறவிட வேண்டும். ஆளில்லாத வேளையிலும் உறங்கும் வேளையிலும் மின்னூட்டலாகாது. வீங்கியதை மறுபடி பயன்படுத்தவே கூடாது. இப்பொறுப்பைப் பிள்ளையிடம் விடாமல் பெரியவர் ஏற்பது முறை.

நான்கு சுழலி கொண்ட 'ட்ரோன்' இதைவிட இலகுவல்லவா என்று சிலர் வினவலாம். இலகுதான். உள்ளிருக்கும் சிறு கணினியே சமநிலையைப் பெரிதும் பார்த்துக்கொள்ளும். படம் பிடிப்பதே நோக்கமாயின் அதுவே ஏற்றது. கை பழக வேண்டும், தவறு எங்கே நேர்ந்தது என்று மனம் அறிய வேண்டும் என்பதே நோக்கமாயின், சிறு ஹெலிகொப்டர் நல்ல ஆசான்.

ஐந்தாவது, சட்டம். எம் நாட்டில் ஆளில்லா ஊர்திகளை வெளியிற் பறக்கவிடுவது சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டது. 2019 ஏப்பிரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையடுத்து அத்தகைய பறப்புகள் யாவும் ஒருகாலம் தடைசெய்யப்பட்டதும் நினைவிருக்கலாம். பெரிய இயந்திரத்தை வெளியில் எடுக்குமுன் விதியை விசாரித்து அனுமதி பெறுதல் வேண்டும். எம் பகுதியில் இதற்குச் சட்டத்துக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நம் தலைக்கு மேல் பறப்பது நமக்கு விளையாட்டு. அடுத்த வளவிலிருப்பவருக்கு அது என்ன நினைவு என்பதை யார் அறிவார்?

எவ்வாறு பழகுவது?

கூடத்திலுள்ள மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள். நிலம் வழவழப்பாக இருக்கட்டும். பழகுபவருக்குப் பின்னே மற்றவர் நிற்கட்டும். ஹெலிகொப்டரின் வால் உங்களை நோக்கியும் முகம் அப்பாலும் இருக்குமாறு வையுங்கள். அப்போது அதன் வலம் உங்கள் வலம். அதன் இடம் உங்கள் இடம். முகம் உங்களை நோக்கித் திரும்பினால் இரண்டும் மாறிவிடும். தோணியில் எதிரே அமர்ந்திருப்பவனுக்கு வலப்பக்கம் எதுவென்று சொல்லிப் பாருங்கள், இது விளங்கும். மைதானத்தில் என் விரல் எதிர்ப்பக்கம் போனதன் இரகசியம் இதுவே.

நிலத்தையொட்டி நிற்க முயலாதீர்கள். தான் கீழே தள்ளும் காற்றே திரும்பி வந்து அலைக்கழிக்கும். முழங்காலுக்கு மேல் உயர்த்தினால் அமைதியுறும். பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள், இறக்குங்கள். சுவரில் முட்டப் போகிறதென்றால் தயங்காமல் விசையைக் குறைத்து விழவிடுங்கள். சுற்றிக்கொண்டே மோதுவதினும் நின்றுபோய் விழுவது நல்லது. பத்து எண்ணுதல் இருபதாகட்டும், இருபது நூறாகட்டும். அதற்குப் பின்னரே திரும்புதல். அதற்கும் பின்னரே முன்செல்லல். நிற்கத் தெரியாதவன் பறக்கத் தெரிந்தவன் ஆகான்.

அந்த மாலை

வாங்குமுன் மகளிடம் பேசினேன். வாதாடவில்லை. மைதானத்தில் நான் செய்த பிழையைச் சொன்னேன்; அவளிடம் அதை அதுவரை நான் சொன்னதில்லை. "அப்ப ஏன் திருப்பியும்?" என்று கேட்டாள். "அவன் அந்தச் சத்தத்த வேற மாதிரிப் பழகட்டும் மகள்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, "வீட்டுக்குள்ள மட்டும்" என்றாள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து அந்தச் சிறு பெட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் எடை. நாற்காலிகளை ஒதுக்கினோம், மின்விசிறியை நிறுத்தினோம். பேரன் வாலைத் தன் பக்கமாக வைத்தான். மகள் அடுக்களை வாசற்படியில் நின்றாள். உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

சுழலி சுற்றிற்று. இடிபோன்ற ஒலியன்று; பூவரசம்பூவில் வண்டு புகுந்தாற்போல் ஓர் இரைச்சல். எழுந்தது, ஆடியது, கதவுநிலையில் முட்டி விழுந்தது. மறுபடி எழுந்தது, திரைச்சீலையில் சிக்கிற்று. பேரன் முகம் சிவந்தான். "நிக்க வை மனே, பறக்க வேணாம். பத்து எண்ணு போதும்" என்றேன்.

மூன்றாம் முறை எழுப்பினான். அவன் கண் முழுவதும் அதன்மேல் இருந்ததால் எண்ண மறந்துவிட்டான். நான் எண்ணத் தொடங்குமுன், வாசற்படிப் பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்டது: "ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகளின் கைகள் காதிலா கதவிலா இருந்தன என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கை பத்தைத் தாண்டிற்று. இருபதும் வந்தது. அவள் ஒன்றுக்குத் திரும்பவில்லை.

"இருபத்தொண்டு" என்றாள்.